ஊசிக்குப் பின் எழுதும் குறிப்பு

கம்பம் பள்ளத்தாக்கும் தேனியும் மதுரை ஜில்லாவின் மேற்கோரமாக இருந்த நாளில், சென்னை மாகாணத்து வழக்கப்படி அம்மை குத்துகிறவர், குத்திய சில நாட்களுக்குப் பின் மீண்டும் வந்து குழந்தையின் கையைப் பார்வையிடுவார். அவர் தேடி வந்தது கொப்புளம் எழுந்து அம்மைப்பால் பலித்ததா என்பதையே, வேறு உபத்திரவம் நேர்ந்ததா என்பதை அன்று.

உபத்திரவத்தை எழுதுவது நெடுங்காலம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே கருதப்பட்டது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஒரே புட்டியிலிருந்து பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னியால் மாண்டபோது, மருந்தைக் கண்டுபிடித்த ஹாஃப்கின் மீதே பழி விழுந்தது. புட்டியைத் திறக்கையில் தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரச் சுத்தி செய்யாமல் உபயோகித்ததே விபரீதத்தின் மூலம் என்ற வாதம் வலுப்பெற்று, அவருடைய களங்கம் நீங்க 1907 வரை ஆயிற்று. பழி சுமத்த ஆள் தேடிய அவசரத்தில், இடுக்கியைப் பற்றிய சாட்சியம் எத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது!

தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களை அறிவிக்க இந்தியாவில் தேசிய வழிகாட்டி நெறிகள் 2005-ல் வந்தன. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு சிசுக்கள் மரணமடைந்ததும், மாநில அரசு கிராமத்து முகாம்களை விடுத்து, ஊசி போடும் காரியத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியர் கண்காணிப்புக்கு மாற்றியது. விவேகமான எச்சரிக்கைதான், ஆயினும் மலையடிவாரத்துத் தாய்க்கு அந்த நிலையம் கூலியிழந்து செல்லும் தூரமாயிருந்தது. தமிழகத்தில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் நூற்றுக்கு 81 என்றிருந்தது, 2015-16-ல் 70 ஆயிற்று. ஊசி போடும் இடம் மாறியதே இந்தச் சரிவுக்கு முழுக் காரணம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

இப்பொழுது மரணமோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியான நோயோ நேர்ந்தால், ஊசிதான் காரணமா என்று நர்சம்மா தீர்மானிக்க வேண்டியதில்லை. அறிவித்தால் போதும், காரணத்தை நிபுணர் குழு ஆராயும். ஜுரத்துக்கும் வீக்கத்துக்கும் தனிப் பதிவு உண்டு. ஆனால் கம்பத்தில் ஊசி போட்ட குழந்தையோடு தாய் மறுநாளே கம்பம்மெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டால், அங்கே வரும் வலிப்பைக் கேரளத்து வைத்தியர் பார்ப்பார். அந்தச் செய்தி மலையிறங்கி இந்தப் பக்கத்துப் பதிவேட்டுக்கு வருவதற்கு, இரண்டு ராஜ்யங்களின் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது ஒரு வழி. அடுத்த தவணைக்கு, ஊசி நாளான புதன்கிழமையில் வரும் தாயிடம், சென்ற முறை என்ன நேர்ந்தது என்று நர்சம்மா கேட்டு எழுதிக்கொள்வது மற்றொரு வழி.