முகங்களுக்குப் பேர் போடுதல்



மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலை செய்து, அந்த நாளுக்குரிய சம்பளம் செக்ரோலில் பதியப்பட்டால் அது ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்திச்சா?" என்று அந்தி நேரத்தில் லயத்து வாசலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால், உழைப்பு கணக்கில் ஏறியதா என்பதுதான் கேள்வி. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கணக்கில் ஏறாமற்போன இன்னொரு வகைப் பேரைப் பற்றி. பழைய புகைப்படங்களில் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகங்களுக்குரிய பேரைப் பற்றி.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையின் கோடியில் இருக்கிறது டயகம. பின்னால் ஹோட்டன் சமவெளியின் விளிம்பு. பள்ளத்தில் ஆக்ரா ஓயா. அங்கே ஒரு லயத்து அறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கிய புகைப்படம் ஒன்றை அண்மையில் காணக் கிடைத்தது. ஓர் உதைபந்தாட்டக் குழுவின் படம். பதினொரு இளைஞர்கள், இரண்டு வரிசை. நடுவில் தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு பெரியவர். முன் வரிசையில் இருப்பவனின் மடியில் பந்து. அதில் வெள்ளை மையினால் 1961 என்று எழுதியிருக்கிறது. இருவரின் காலில் மட்டுமே சப்பாத்து. மற்ற ஒன்பது பேரும் வெறுங்கால். பனியின் ஈரம் கண்ணாடிக்குள் இறங்கி, ஓரங்களில் பூஞ்சணம் பூத்திருந்தது.

திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையின் பாதி இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. வீட்டுக்கார முதியவருக்கு அவர்களில் மூன்று பேரைத் தெரியும். மூவரில் ஒருவர் அவரே.

மீதி எட்டுப் பேர் யார்?

ஒரு தோட்டத்துப் பந்துக் குழுவின் எட்டுப் பேரைத் தேடி அலைவதா என்று நேயர்கள் எண்ணலாம். கடல் கடந்த நாடொன்றில் இதே வேலையை வாழ்நாள் பணியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பேஸ்போல் என்ற விளையாட்டு நம்மூர்க் கிரிக்கெட்டைப் போலச் செல்வாக்குடையது. 1880களில் அங்கே சிகரெட் பெட்டிக்குள் விளையாட்டு வீரர்களின் படம் ஒட்டிய சிறு அட்டைகளை வைத்து விற்றார்கள். அக்காலத்துக் கமெராவுக்கு ஓடும் பந்தைப் பிடிக்க வேகம் போதாது. ஆகவே ஸ்டூடியோவுக்குள் ஒரு பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வீரர் அதைப் பிடிப்பதுபோல நிற்க, படம் எடுத்தார்கள். இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த நூல் தெரியும்.

அந்த அட்டைகளில் சில பெரும் விலைக்குப் போகின்றன. ஹோனஸ் வாக்னர் என்பவரின் படத்தைக் கொண்ட, 1909க்கும் 1911க்கும் இடையில் வெளியான அட்டையொன்று 2022இல் 72.5 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. என் அக்கறை அந்த விலையில் இல்லை. வாக்னரோடு அதே காலத்தில் ஒரு பருவமோ அரைப் பருவமோ ஆடிவிட்டுக் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். குடும்பப் பெயர் மாத்திரம் அச்சாகி, முதற்பெயரே தெரியாதவர்களும் அவர்களுள் உண்டு. 1971இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பேஸ்போல் ஆய்வுச் சங்கத்தில், இவர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே இறந்தார்கள் என்று தேடுவதற்கென்றே ஒரு குழுவும், பழைய படங்களில் இருப்பவர்களை அடையாளம் காண இன்னொரு குழுவும் இயங்குகின்றன. சட்டையின் எழுத்து, காலுறையின் பட்டை, பின்னால் தெரியும் விளம்பரப் பலகை யாவும் அவர்களுக்குச் சாட்சி. எல்லாவற்றிலும் காது முக்கியம் என்கிறார்கள். தலைமயிர் உதிரலாம், கன்னம் உப்பலாம், மீசை வரலாம், போகலாம். காதின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

நம்முடைய படங்களுக்கு இப்படி ஒரு தேடல் நடந்திருக்கிறதா? இங்கே வரலாறு வேறு விதமாகப் போயிற்று.

ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற அம்மையார் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் வானியலாளர் ஹெர்ஷலையும் படம் எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் நமது திக்கோயாப் பகுதியிலேயே காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கே அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. முகங்களில் குறையே இல்லை. டெனிசனுக்கு விழுந்த அதே ஒளிதான் இவர்கள் முகத்திலும் விழுந்திருக்கிறது. ஆனால் டெனிசனின் படத்துக்கு டெனிசன் என்று பெயர். 1878இல் எடுத்த ஒரு படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்று பெயர். தொழிலாளரின் படங்களிலும் பெரும்பாலும் பேர் இல்லை.

அதன் பின் தபாலட்டைகளின் காலம் வந்தது. கொழும்பில் ஸ்கீன் கம்பனியும், 1890இல் தொடங்கிய பிளாத்தே கம்பனியும் மலைநாட்டுக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் படமாக்கி விற்றன. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த பெண்கள், மூக்குத்தி, கொங்காணி, பின்னால் மலை. கீழே ஆங்கிலத்தில் 'தேயிலை கொய்யும் பெண்' அல்லது 'தமிழ்க் கூலிகள்' என்ற வாசகம். கப்பலில் வந்த பிரயாணி அதன் மறுபுறத்தில் தன் பெயரை எழுதி, பெறுபவர் பெயரையும் எழுதித் தபாலில் போட்டார். அட்டையின் ஒரு பக்கத்தில் இரண்டு பெயர்கள், மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் உருவத்தைத் தம் விளம்பரங்களில் உலகமெங்கும் கொண்டுபோனார். அவளுக்கும் பெயர் இல்லை. 1954இல் இங்கிலாந்தில் புரூக் பொண்ட் கம்பனி தேயிலைப் பக்கற்றுகளுக்குள் படஅட்டைகள் வைக்கத் தொடங்கியபோது, முதலில் வந்தவை பறவைகள். ஒவ்வொரு பறவையின் பெயரும் அதில் அச்சாகியிருந்தது.

பெயர் எழுதத் தெரியாத காலம் அது என்று சமாதானம் சொல்ல முடியாது. துரைமாரின் கழகங்களில் எடுத்த குழுப்படங்களில், இடமிருந்து வலமாக, நிற்பவர், இருப்பவர் என்று முதலெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கம் இருந்தது. தொழிலாளிக்கு வேறு ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கட்டி அனுப்பியபோது, கழுத்தில் ஒரு தகர வில்லை மாட்டினார்கள். தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் ஓர் இலக்கமும் அதில் துளையிடப்பட்டிருந்தன. கங்காணியின் கடன் கணக்குக்கோ 'துண்டு' என்ற சீட்டு இருந்தது. 1921இல் அது சட்டப்படி ஒழிக்கப்படும் வரை, ஆள் எந்தத் தோட்டத்துக்கு மாறினாலும் கடன் கூடவே போயிற்று. இலக்கமும் கடனும் தவறாமல் எழுதப்பட்டன. பேர் மட்டும் கூலிக் கணக்காகவே நின்றது.

அடுத்து வந்த காலத்தில் நிலைமை தலைகீழானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், இங்கே வாழ்ந்ததற்கு எழுத்தில் ஆதாரம் கொண்டுவா என்று கேட்டார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டியது. ஒரு நூற்றாண்டாகப் பேர் எழுதாமல் விட்டவர்களின் வாரிசுகளிடமே பேர் எழுதிய கடதாசி கேட்கப்பட்டது.

அதன் பின் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அப்போதுதான் பல லயங்களில் முதன்முதலாக வீட்டார் யாவரும் கமெராவுக்கு முன் நின்றார்கள். கடவுச்சீட்டுக்கு முகம் தேவைப்பட்டது. படத்துக்குப் பேரும் சேர்ந்தது, போகும்போது.

டயகமப் படத்தின் பதினொரு பேரையும் இந்தப் பின்னணியில்தான் தேட வேண்டியிருந்தது. 1961இல் ஒன்றாக நின்றவர்கள். 1964இல் மேலே ஒரு கையெழுத்து விழுந்தது. படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்துத் தோட்டம் தோட்டமாகக் காட்டினேன். உறவுக்காரர்கள் மூலம் அது நீலகிரிக்கும் போயிற்று. தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. பின் வரிசையில் நிற்கும் நெட்டையர் கொழுந்து நிறுத்தவர். சப்பாத்துப் போட்டவர்களுள் ஒருவர் பின்னாளில் ஆசிரியரானார். பதினொருவரில் அறுவர் இந்தியாவுக்குப் போயிருந்தார்கள்.

கோல் காப்பாளர் மட்டும் சிக்கலானார்.

டயகமவில் எண்பது தாண்டிய ஆயா ஒருவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது எங்க அண்ணன். மூஞ்சிய விடு தம்பி, காதப் பாரு. எங்க ஆயிக்கும் இதே காதுதான்" என்றார். அமெரிக்கச் சங்கத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அவர்களுடைய முறை அவரிடம் இருந்தது. அண்ணன் 1973இல் அழுகைக் கோச்சியில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினாராம். இரண்டு கடிதம் வந்ததாம். பிறகு இல்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. அண்ணனின் வேறு படம் எதுவும் ஆயாவிடம் இல்லை.

இரண்டு வாரத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து இன்னொரு குடும்பம் எழுதியது. அதே முகத்தைச் சுட்டி, "இது எங்கள் அப்பா" என்றார்கள். அவர் ஆயாவின் அண்ணன் அல்லர். வேறு ஆள், வேறு பெயர். சான்றாகத் தந்தையின் பழைய கடவுச்சீட்டுப் படத்தை அனுப்பினார்கள். நெற்றியும் தாடையும் ஒத்துப்போகின்றன. காதைத் தேடினேன். அலுவலக முத்திரை சரியாக அதன் மேல் விழுந்திருந்தது.

சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாய்வு வேறு, சான்று வேறு. இத்துறையில் பெரிய ஆபத்து, விடை கிடைக்காமற்போவதைவிட, ஆசையினால் ஒரு விடையை எழுதிவிடுவது. பிழையான பெயர் ஒருமுறை படத்தில் ஏறிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே வரலாறு என்று படிக்கும். உரிய மனிதர் இரண்டாம் தடவையும் தொலைந்துபோவார்.

ஆயாவிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரையும் எழுதிப் போடு தம்பி. பேரே இல்லாம நிக்கிறதுக்கு ரெண்டு பேரு இருக்கட்டும்" என்றார்.

அப்படியே எழுதினோம். பென்சிலால், படத்தின் பின்புறத்தில், இடமிருந்து வலமாக. கோல் காப்பாளரின் இடத்தில் இரண்டு பெயர்கள், நடுவே ஒரு கேள்விக்குறி. யார் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் குறித்தோம். அந்தப் பெயர்களை வானலையில் சொல்லும் உரிமை எனக்கில்லை. அவை அந்தக் குடும்பங்களுக்குரியவை.

மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தும் காட்டினோம். நடந்து வந்தவர்களின் முகங்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் முகங்கள் இன்னும் லயத்துச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்துப் பேர் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள ஒரு படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால், வீட்டில் மூத்தவரை அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள். பென்சில் ஒன்று போதும். அவர்களுக்குரிய பேரைப் போட்டுவிடுங்கள். அரைப்பேர் வேண்டாம், முழுப்பேர்.