நீலத்திரையின் கதை



கணினி உள்ள வீடுகளில் பெரும்பாலோர் இந்தக் காட்சியை ஒருமுறையேனும் கண்டிருப்பீர்கள். பிள்ளை பாடவேலை செய்துகொண்டிருக்கும். திடீரென்று திரை முழுவதும் நீலமாகிவிடும். வெள்ளை எழுத்தில் ஏதோ வரும். பிறகு கணினி தானே அணைந்து மீண்டும் எழும்பும். ஒருமுறை வந்தால் மறந்துவிடலாம். நாள் ஒன்றுக்கு நான்குமுறை வந்தால் என்ன செய்வது?

நம் மாணவி ஒருத்தியின் வீட்டில் இதுதான் நடந்தது. தந்தை தோட்டத் தொழிலாளி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கியிருந்தார். "இவதான் வாத்தியாரையா, எதையோ அமுக்கிக் கெடுத்துட்டா" என்று நம்மிடம் சொல்லி, மகள் அதன் பக்கமே போகக்கூடாது என்று தடுத்துவிட்டார். அவள் குற்றவாளியா இல்லையா என்று பார்ப்பதற்கு முன், இந்த நீலத்திரையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு விண்டோஸ் என்.டி. என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. நாம் இன்று காணும் நீலத்திரைக்கு மூதாதை அதில்தான் பிறந்தது. அந்த இயங்குதளத்தை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பயன்படுத்தும் எழுத்து நிரல், விளையாட்டு முதலியவை எல்லாம் திண்ணையில் இருப்பவை. அவற்றில் ஒன்று தடுமாறினால் அது மட்டுமே விழும். ஆனால் உள்ளறை ஒன்று உண்டு. வட்டு, நினைவகம் எல்லாம் அங்கிருந்தே ஆளப்படுகின்றன. உள்ளறையிலேயே தவறு நேர்ந்தால், அதன் பிறகு அங்கே எதையும் நம்ப முடியாது. தொடர்ந்து ஓடவிட்டால் வட்டில் உள்ள கணக்குகளின்மேல் கண்டதையும் எழுதிவிடக்கூடும். ஆகவே இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, காரணத்தை ஒரு குறியீடாக எழுதிக் காட்டுகிறது. நீலத்திரை நோய் அன்று. நோயைச் சொல்லும் வாய்.

ஏன் நீலம் என்று கேட்டால் சிரிப்பு வரும். அதை எழுதிய ஜான் வெர்ட் என்பவர் அப்போது பயன்படுத்திய கணினியும், நிரல் எழுதும் மென்பொருளும் நீலத்தில் வெள்ளை எழுத்துக் காட்டுபவை. அந்தப் பழக்கத்தால் இதற்கும் அதே நிறம் வந்தது. வேறு மர்மம் ஒன்றுமில்லை.

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் சிகாகோவில் ஒரு கணினிக் கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். விண்டோஸ் 98 எவ்வளவு எளியது என்று காட்ட, உதவியாளர் ஒரு ஸ்கேனரை இணைக்கிறார். இணைத்ததும் நீலத்திரை! கூட்டம் ஆரவாரித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஸ்கேனரைத்தான். புதுப்பொருள் ஒன்றைச் செருகினால், அதனோடு பேச ஒரு சிறு நிரல் வேண்டும். அதற்கு 'டிரைவர்' என்று பெயர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி இருந்தாரே, அதுபோல. அதைப் பெரும்பாலும் அந்தப் பொருளைச் செய்தவர்களே எழுதுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் உள்ளறையில் உட்கார்ந்து வேலை செய்கிறது. அது தடுமாறினால் வீடே நின்றுபோகும்.

எவ்வளவு பெரிதாக நின்றுபோகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலமாயின. எழும்பும், விழும், மறுபடி எழும்பும், மறுபடி விழும். நம் நாட்டில் கே.டி.எம். இரயில் பயணச்சீட்டு முறையும் ஏர் ஏசியா பயணிகளும் அன்று பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். மருந்து என்னவோ எளியதுதான். டிரைவர்களைக் குறைத்து, அடிப்படையானவற்றை மட்டும் கொண்டு எழுப்பும் 'சேஃப் மோட்' முறையில் கணினியைத் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டும். பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது என்பதுதான் தொல்லை.

மாணவியின் வீட்டுக்கு வருவோம். நீலத்திரை வரும்போதெல்லாம் குறியீட்டையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும்படி அவளிடமே சொன்னோம். தந்தை முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. ஒரே குறியீடு, அதுவும் குறிப்பிட்ட ஒரு வேலையின்போது வந்தால், டிரைவர்மேல் சந்தேகம் கொள்ளலாம். அண்மையில் எதைப் புதிதாகச் சேர்த்தோம் என்று யோசித்து, அதை நீக்கிப் பார்க்க வேண்டும். சேஃப் மோட் முறையில் நெடுநேரம் நிற்காமல் ஓடினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இவள் நோட்டிலோ ஐந்து நாளில் நான்கு விதமான குறியீடுகள். சேஃப் மோட்டிலும் விழுந்தது. இப்படி மாறிமாறி வந்தால் நினைவகம், சூடு, மின்சாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். விசிறியில் பஞ்சுபோல் தூசி. துடைத்தும் பயனில்லை. விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டோம். பிழை என்று காட்டியது. உள்ளே இரண்டு ரேம் தகடுகள் இருந்தன. இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு நாள் பார்த்தோம், நீலம் வந்தது. அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தோம். அதன்பின் வரவேயில்லை.

கெட்டுப்போன தகட்டைத் தந்தை கையில் கொடுத்தோம். விரல் நீளமே உள்ள பொருள். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இவ ஒண்ணும் செய்யலியா?" என்று கேட்டார். மகள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

நேயர்களுக்கு ஒரு செய்தி: 2025 முதல் விண்டோஸ் 11-இல் இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். ஆகவே உங்கள் வீட்டில் கறுப்பாக வந்தாலும் பயப்படாமல் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள்.