கூலியும் கைம்மாறும்: ஒரு கிரேக்கச் சொல்லின் வரலாறு



சனிக்கிழமை மாலையானால் நம் ராயபுரத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: சம்பளம் போட்டாச்சா? ஷிப்ட் கணக்கில் நிற்பவருக்கும், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பார்ப்பவருக்கும் வாரம் முழுவதும் பட்ட பாடு அன்றுதான் கைக்கு வருகிறது. அந்தச் சம்பளத்துக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் ‘மிஸ்தோஸ்’ என்று பெயர். இன்று நாம் அந்த ஒரு சொல்லைச் சிந்திப்போம்.

புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 30 இடங்களில் இச்சொல் வருகிறது. திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20:8) நம் தமிழ்த் திருவிவிலியம் இதைக் ‘கூலி’ என்கிறது. மலைப்பொழிவில், துன்புறுவோருக்கு விண்ணகத்தில் கிடைப்பதை ஆண்டவர் சொல்லும்போது (மத் 5:12) அதே சொல் ‘கைம்மாறு’ ஆகிறது. பிற சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘பலன்’. தமிழில் இவை வெவ்வேறு சொற்கள். வள்ளுவரும் இரண்டையும் அறிந்தவர். உடல் வருந்த உழைப்பவருக்குக் கிடைப்பதைக் கூலி என்றார். மழை நம்மிடம் எதிர்பாராததைக் கைம்மாறு என்றார். ஆனால் இயேசுவின் வார்த்தைகளை எழுதிவைத்த நற்செய்தியாளருக்கோ தோட்டக்காரனின் நாள்கூலியும் விண்ணகத்தின் பரிசும் ஒரே சொல், மிஸ்தோஸ்.

இது கோவில் மொழியில் பிறந்த சொல் அல்ல, சந்தையில் புழங்கிய சொல். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரசுத் தாள்களிலும் பானை ஓடுகளிலும் கிரேக்க மொழியில் எழுதிய ரசீதுகள் ஏராளம். அவற்றில் ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு ‘அபெகோ’ என்ற வினைச்சொல் வருகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ப் டைஸ்மன் 1908-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டினார். பிறர் பார்க்க வேண்டுமென்று தர்மம் செய்பவர்களைப் பற்றி ஆண்டவர் சொல்லும்போது (மத் 6:2), மிஸ்தோசுடன் இந்த வினைச்சொல்லே நிற்கிறது. அதாவது, அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனிப் பாக்கி ஒன்றுமில்லை.

அந்த உவமையில் வரும் தெனாரியமும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த புதையல்களில் அகுஸ்து சீசர், திபேரியு சீசர் காலத்து வெள்ளித் தெனாரியங்கள் இருந்தன. இயேசுவின் காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்கு ஈடான காசு, வணிகத்தோடு கொங்கு நாடு வரை வந்திருக்கிறது.

கூலியைப் பற்றிய இறைச்சட்டம் இன்னும் பழையது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும், அவர் அதை நம்பியே இருக்கிறார் என்கிறது இணைச்சட்ட நூல் (24:14-15). இந்நூலைப் பண்டைய யூதர் கிரேக்கத்தில் பெயர்த்தபோது அங்கும் மிஸ்தோஸ் என்றே எழுதினர். கூலியாளுக்கு உரியதைக் கொடுக்காதவர் இரத்தம் சிந்துபவர் என்று சீராக் நூல் (34:22) கண்டிக்கிறது. யாக்கோபு ஒரு படி மேலே போகிறார்: பிடித்துவைத்த கூலியே வாய் திறந்து கூக்குரலிடுகிறது, அந்த ஓலம் ஆண்டவரின் செவியை எட்டிவிட்டது (5:4).

இந்த யாக்கோபின் சொல்லைத்தான் திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891 மே 15-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் முதலாளிகளுக்கு நினைவூட்டினார். இன்றும் திருஅவையின் மறைக்கல்வி நூல், கூலியாளுக்கு இழைக்கும் அநீதியை விண்ணை நோக்கிக் கதறும் பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறது.

நம் ஊரும் இதை அறியும். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னாளில் நம் பகுதி நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ வந்தது. மூன்று ஆண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம் பெண்களை அழைத்து வந்தார்கள். உடல் நலம் கெட்டு இடையில் வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. அது பரிசுத் தொகை என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது அந்தப் பிள்ளைகளின் மாதச் சம்பளத்திலிருந்து பிடித்துவைத்த பங்கு. கூலிக்குக் கைம்மாறு என்று பெயர் மாற்றினால் கொடுக்காமல் விடுவது எளிதாகிவிடுகிறது. சொல்லைப் பிரித்தறிவது நமக்குத் தேவை என்பது இதனால்தான்.

புனித பவுல் இதில் தெளிவாக இருக்கிறார். உழைத்தவருக்குக் கொடுக்கும் மிஸ்தோஸ் சலுகை அல்ல, பட்ட கடன் (உரோ 4:4). கடனைத் தீர்த்துவிட்டு நாம் வள்ளல் என்று பெயர் வாங்க முடியாது. “உனக்கு விண்ணகத்தில் கைம்மாறு உண்டு” என்று தொழிலாளியிடம் சொல்லும் உரிமையும், அவர் கூலியைக் கொடுத்து முடித்தவருக்கே உண்டு.

அப்படியானால் கடவுள் தரும் கைம்மாறும் நாம் கணக்குப் போட்டுக் கேட்கும் கூலியா? உவமையை மறுபடி பாருங்கள். காலையில் வந்தவருக்குப் பேசிய தொகையில் ஒரு காசும் குறையவில்லை. மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரு குடும்பம் அன்றிரவு உண்ணத் தேவையானது கிடைத்தது. யாரும் கூலிக்கு அழைக்காததால் தெருவில் நின்றவர் அவர். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலைக்காக நம் தெருவில் காத்து நிற்பவரும் அவரே. தோட்ட உரிமையாளர் முதலில் நீதியைச் செய்தார். அதன்மேல் இரக்கத்தை வைத்தார். நீதியைக் குறைத்து இரக்கம் காட்டவில்லை. நம் ஆண்டவரின் கணக்கு அது.

ஆகவே அன்பர்களே, யூனிட் நடத்துபவர்கள் இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தை ‘பார்ட்டி பணம் வரல’ என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளாதிருப்போம். ஜாப் ஒர்க் கொடுத்தவர்கள் தையல், சாயக் கணக்கைத் தீர்ப்போம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுப்போம். தன் கூலியைக் கேட்பவரை நன்றி கெட்டவர் என்று பேசாதிருப்போம். கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்த கைகளோடு, கேட்கத் தகுதியற்ற கைம்மாறை இறைவனிடம் கேட்போம். ஆமென்.