எண்ணெய்க் குதமும் ஒலிபரப்புக் கோபுரமும்



சீனன்குடாவில் பிறந்தவர்களுக்கு எண்ணெய்க் குதங்கள் புதுமையல்ல. பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 குதங்கள் இன்றும் காட்டுக்குள்ளே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்ட கதையை அப்பப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். துறைமுகம் என்றால் கப்பல், எண்ணெய், யுத்தம் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் வானொலியும் சேரும் என்பதை 1987இல்தான் அறிந்தேன்.

அவ்வாண்டு ஜூலை 29ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்த்தனவும் ரஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மாகாண சபை பற்றியும் வடக்குக் கிழக்கு இணைப்புப் பற்றியும் ஊரே பேசியது. கூடவே பரிமாறப்பட்ட கடிதங்களைப் பற்றிப் பேசியோர் குறைவு. திருகோணமலைத் துறைமுகம் இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் வழங்கப்படாது என்றது ஒரு விதி. குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்றது அடுத்தது. அதற்கும் அடுத்த விதி ஒலிபரப்பைப் பற்றியது! அந்நிய வானொலி நிறுவனங்களுடனான உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும். அவற்றின் வசதிகள் பொது ஒலிபரப்புக்கன்றி இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படா என்பது அதன் சாரம்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் குரல் 1951 முதல் இலங்கையில் அஞ்சல் வசதி பெற்றிருந்தது. 1983இல் அதை விரிவாக்க உடன்பாடு கண்டது. மறுவருடம் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல நிலையம் திருகோணமலையிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டும் அரசாங்கப் பணத்தில் இயங்குபவை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் இவற்றால் செய்தி போகலாம் என்ற சந்தேகம் அக்காலத்தில் இருந்தது.

ஆனால் நேயர்களே, கடிதம் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்டது. கோபுரத்திலிருந்து வரும் சொல்லை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்கவில்லை. அமெரிக்காவின் குரல் நம்பத்தகுந்த, நடுநிலையான செய்தி தர வேண்டும் என்று 1976இல் சட்டமே வந்தது. அதே சட்டம் அமெரிக்காவின் கொள்கையையும் அது எடுத்துரைக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி ஒரு கட்டளையிட்டதும் அதன் ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டனர். சட்டம் ஒரு கையில் இருந்தாலும் பணப்பை இன்னொரு கையில் இருக்கிறது. லண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பும் 1941இல், உலக யுத்தத்தின் நடுவில்தான் பிறந்தது.

அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை. யுத்த காலத்தில் உள்ளூர்ச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தபோது, சிற்றலையில் வந்த அந்தக் குரல்களே எங்களுக்குத் துணை. ஐயா ஒரு நிலையத்தோடு நிற்கமாட்டார். பற்றரி தீரத் தீர முள்ளைத் திருப்பி மூன்று நிலையங்களைக் கேட்பார். “ஒருத்தன் சொன்னதை மற்றவன் ஏன் சொல்லேல்லை எண்டு பார் தம்பி. அங்கதான் செய்தி கிடக்கு” என்பார்.

இரணவிலவில் இருந்த அமெரிக்க நிலையம் 2016இல் மூடப்பட்டது. ஜேர்மன் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. 61 குதங்களைக் கூட்டாக இயக்க 2022இல் உடன்பாடு வந்தது. எண்ணெய்க்கு முடிவு காண முப்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தன. சொல்லின் உரிமை யாருக்கு என்பதை எந்த ஒப்பந்தமும் இதுவரை தீர்க்கவில்லை. அதைத் தீர்க்கும் வேலை, முள்ளைத் திருப்பும் கையிடம்தான் இருக்கிறது.