மொஸ்தார்: பாலம் மீண்டது, நகரம் மீண்டதா?

பொஸ்னியா ஹெர்சகோவினாவின் தெற்கே, நெரெத்வா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள நகரம் மொஸ்தார். பாலத்தைக் காவல் காத்தவர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. ஒட்டோமன் பேரரசர் சுலைமானின் ஆணைப்படி கட்டடக் கலைஞர் ஹைருதீன் 1566இல் கட்டிமுடித்த ஒற்றை வளைவுக் கற்பாலமும், அதைச் சூழ்ந்த கடைத்தெருக்கள், பள்ளிவாசல்கள், கல்வீடுகளுமே அங்குள்ள பழைய நகர்ப்பகுதி.

1992இல் தொடங்கிய யுத்தம் இப்பகுதியைச் சிதைத்தது. 427 ஆண்டுகள் நிலைத்து நின்ற பாலம், 1993 நவம்பர் 9ஆம் திகதி பொஸ்னியக் குரோஷியப் படையினரின் எறிகணைத் தாக்குதலில் ஆற்றில் வீழ்ந்தது.

சமாதான உடன்படிக்கையில் மரபுரிமை

1995ஆம் ஆண்டின் டேட்டன் சமாதான உடன்படிக்கையில் எல்லைகளும் தேர்தல்களும் மட்டும் பேசப்படவில்லை. அதன் 8ஆவது இணைப்பு, தேசிய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கென ஓர் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதன் ஐந்து உறுப்பினர்களில் இருவரை நியமிக்கும் பொறுப்பு யுனெஸ்கோ பணிப்பாளர் நாயகத்திடம் விடப்பட்டது. ஓரிடத்தை நினைவுச்சின்னமாக அறிவிக்கக் கோரி, நாட்டிலுள்ள அக்கறை கொண்ட எவரும் விண்ணப்பிக்கலாம். அறிவிக்கப்பட்டால், அதைப் பாதுகாக்கச் சட்ட, தொழில்நுட்ப, நிதி ஏற்பாடுகளைச் செய்வது அந்தப் பகுதியை ஆளும் நிர்வாகத்தின் கடமை.

மீளக் கட்டுதல்

ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட கற்களில் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்த முடியாதவையாக இருந்தன. எனவே அதே வகைக் கல் உள்ளூரிலேயே வெட்டியெடுக்கப்பட்டு, பழைய முறைப்படி செதுக்கப்பட்டது. யுனெஸ்கோவும் உலக வங்கியும் இப்பணிக்குத் துணை நின்றன. 2004 ஜூலையில் பாலம் திறக்கப்பட்டது. 2005இல் பாலமும் பழைய நகர்ப்பகுதியும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மீளக் கட்டப்பட்டவை இப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. 1980இல் சேர்க்கப்பட்ட போலந்தின் வார்சோ பழைய நகரம் அதற்கு முன்னுதாரணம். மொஸ்தார் சேர்க்கப்பட்டதும் கல்லின் பழமைக்காக அல்ல. நல்லிணக்கத்தின் அடையாளம் என்பதற்காகவே.

அங்கீகாரத்தின் எல்லை

ஆனால் நீதி வேறு வழியில் சென்றது. பாலத்தை அழித்தது குற்றம் என 2013இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. தாக்கப்பட்ட வேளையில் அது இராணுவ இலக்காக இருந்தது எனக் கூறி, 2017இல் மேன்முறையீட்டு அமர்வு அதனை மாற்றியது. நகரில் 2008இன் பின்னர் 2020 டிசம்பர் வரை உள்ளூராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. குரோஷிய, பொஸ்னியாக் சமூகங்களின் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பாடத்திட்டங்களில் கற்கும் நிலை அப்பிரதேசத்தில் நீடித்தது.

யுத்தத்தின் பின் மரபுரிமை என்ற சொல்லே காணிப் பிணக்காக மாறுவதைக் கண்டவர்களுக்கு மொஸ்தார் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஓரிடத்தை அங்கீகரிக்கும்போது யார் விண்ணப்பிக்கலாம், யார் தீர்மானிப்பது, காக்கும் கடமை யாருடையது என்பவை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அவை எழுதப்பட்டதால் மொஸ்தாரில் கற்கள் காப்பாற்றப்பட்டன. இரு கரை மக்களும் சேர்ந்து வாழும் வேலை இன்னும் அவர்களிடமே இருக்கிறது.