உயிர் காலேஜின் மூன்று இடங்கள்: சென்னை விலங்குக் காட்சிசாலையும் வடசென்னையும்

1. பொருளும் எல்லையும்

சென்னை விலங்குக் காட்சிசாலை இதுவரை மூன்று இடங்களில் இருந்திருக்கிறது: எழும்பூர் பாந்தியன் வளாகம், சென்ட்ரலை ஒட்டிய மக்கள் பூங்கா, வண்டலூர். முதலில் அருங்காட்சியகத்தின் கையிலும், பின்பு மாநகராட்சியின் கையிலும் இருந்த அது இப்போது வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. பொறுப்பு கைமாறும்போதெல்லாம் விலங்கை அடைத்து வைப்பதற்குச் சொல்லப்பட்ட காரணமும் மாறியது, பார்க்க வருகிற கூட்டமும் மாறியது. காரணம் மாறிய கதையை வண்டலூர் அறிவிப்புப் பலகைகளிலேயே ஓரளவு படித்துவிடலாம். கூட்டம் மாறிய கதையை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் துறைமுக, ஆலைப் பகுதிகளிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

2. பாந்தியன்

எட்வர்டு கிரீன் பால்ஃபர் ஓர் அறுவை மருத்துவர். 1851இல் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு அவரே முதல் பொறுப்பாளர். ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் தொடக்கத் தொகுப்பு. 1854 இறுதியில் அருங்காட்சியகம் பாந்தியனுக்கு வந்தது. கல்லைப் பார்க்க யார் வருவார்? உயிருள்ள விலங்கு நின்றால் கூட்டம் சேர்வதைக் கண்ட பால்ஃபர், கர்நாடக நவாப் குலாம் முகமது கௌஸ் கானிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்றார். 1855இல் காட்சிசாலை தொடங்கியது. ஓராண்டில் 300க்கு மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன.

1855 அக்டோபரில் நவாப் வாரிசின்றி இறந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. ஓர் அரசவையின் கடைசி ஆண்டில் அதன் விலங்குகள் ஊர்ச்சொத்தாயின என்பதே இந்தத் தொடக்கத்தின் உண்மையான முக்கியத்துவம். இந்தியாவின் முதல் காட்சிசாலை என்று இதைச் சொல்வதில் ஒரு திருத்தம் தேவை. கல்கத்தாவை அடுத்த பராக்பூரில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கவர்னர் ஜெனரலின் விலங்குத் தொகுப்பு இருந்தது. பொதுமக்களுக்கென்று அமைந்தவற்றில் முதலாவது என்றால் சென்னையின் உரிமை நிற்கும்.

3. மக்கள் பூங்கா

கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியில் உருவான மக்கள் பூங்கா 116 ஏக்கர். குளங்களும் வண்டிப்பாதைகளும் வாத்திய மேடையும் கொண்ட அந்தத் தோட்டத்துக்கு 1861இல் விலங்குகள் இடம்பெயர்ந்தன, மாநகராட்சி பொறுப்பேற்றது. அப்போது பக்கத்தில் சென்ட்ரல் நிலையம் கிடையாது. ஊருக்கு இருந்த ரயில் நிலையம் 1856இல் திறந்த ராயபுரம்தான். சென்ட்ரல் 1873இல்தான் வந்தது. ரயில் சத்தத்தின் நடுவே காட்சிசாலையைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று குறை சொல்வோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புலி முதலில் வந்தது, ரயில் பிறகு வந்தது.

பூங்காவை நகரம் துண்டு துண்டாகத் தின்றது. 1880களில் விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னால் விளையாட்டரங்கம். 1886 டிசம்பர் 31 அன்று பூங்காக் கண்காட்சியில் பிடித்த தீ நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. இத்தனைக்கும் நடுவே காட்சிசாலை நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது.

மக்கள் பேச்சில் எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், விலங்குக் காட்சிசாலை உயிர் காலேஜ்: சென்னைக்கு வந்த கிராமத்து உறவினருக்கு இரண்டையும் காட்டாமல் அனுப்புவது மரியாதையில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் காட்சிசாலை பக்கத்து இடம். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் டிராம் ஓடியது, 1953இல் அது நின்ற பிறகும் நடந்தே வரக்கூடிய தூரம்தான். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் வளர்ப்புப் பறவைகளும் பார்த்துவிட்டு, அப்படியே சிங்கத்தையும் பார்த்து வீடு திரும்பலாம். ஒரு நாள் கூலியை இழக்காமல், சாயங்காலத்தில் முடிகிற பொழுதுபோக்கு அது.

விலங்குகளுக்கு அது நல்ல இடமா? இல்லை. கம்பிக் கூண்டு, சிமெண்டுத் தரை, மூன்று பக்கமும் போக்குவரத்து இரைச்சல். ஜெர்மனியின் ஹாம்பர்கில் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1907இலேயே கம்பியை எடுத்துவிட்டு அகழியால் விலங்கைப் பிரித்துக் காட்டியிருந்தார். சென்னை அந்தப் பாடத்தைக் கற்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின.

4. 1942 ஏப்ரல்

1914 செப்டம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய நினைவு ஊருக்கு ஆறவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னை காலியாகத் தொடங்கியது. துறைமுகத்தைக் குறிவைத்து விழும் குண்டு கூண்டை உடைத்தால் புலி தெருவுக்கு வரும் என்ற அச்சத்தில், மலபார் சிறப்புப் போலீசார் காட்சிசாலையின் ஊனுண்ணிகளைச் சுட்டுக் கொன்றனர். குண்டு வந்தது 1943 அக்டோபரில், ஒற்றை விமானத்திலிருந்து, சேதம் சிறிதே. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதன் விலையை அந்த முறை விலங்குகள் கொடுத்தன.

5. வண்டலூர்

1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1979இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் மூர் மார்க்கெட் எரிந்திருந்தது. வடசென்னைக்காரரின் ஞாயிற்றுக்கிழமையில் பாதி அந்த ஒரே கோடையில் போயிற்று எனலாம்.

வண்டலூரில் அகழிகள் வந்தன. வறண்டு கிடந்த புதர்க்காட்டில் மரக்கன்றுகள் நடப்பட்டன. காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, நீலகிரிக் கருமந்தி, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, இரவு விலங்குகளுக்கான இருட்டுக்கூடம், வண்டியில் போய்ப் பார்க்கும் சிங்க உலா என்று பார்வைப் பொருள் பெருகியது. ஓட்டேரி ஏரிக்கு அழைக்காமலே நீர்ப்பறவைகள் வருகின்றன. எனக்கு அங்கே பிடித்த பகுதி அதுதான். அதிகக் கூட்டம் நிற்பது வெள்ளைப்புலியின் முன். அது தனி இனமன்று. ஒடுங்கு மரபணுவால் நிறம் வெளுத்த புலி. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் புலியின் வழிவந்தவையே கூண்டுகளில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை, உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்டவை. பாதுகாப்புக் கணக்கில் ஒரு சிங்கவால் குரங்குக்குட்டி எத்தனையோ வெள்ளைப்புலிகளுக்கு மேல். பால்ஃபர் கண்ட பழைய உண்மை இங்கேயும் மாறவில்லை: அரியது என்று தோன்றுவதுதான் ஆளைக் கூட்டும்.

சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றை சர்க்கஸில் பயன்படுத்த 1990களில் விதித்த தடை உறுதியானதும், கைவிடப்பட்ட விலங்குகளுக்கென 92.45 ஹெக்டேரில் மீட்பு மையம் சேர்ந்தது. கூண்டிலிருந்து தூரம் கிடைத்தது, மனிதரிடமிருந்து முழுத் தூரம் கிடைக்கவில்லை. 2021 ஜூனில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. இயற்கைச் சீற்றத்திலிருந்தும் தப்ப முடியவில்லை: 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் பூங்காவை மூட வைத்தது.

6. தூரக் கணக்கு

எண்ணூரிலிருந்து வண்டலூர் 40 கி.மீ.க்கு மேல். புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, செங்கல்பட்டுத் தடத்துக்கு மாற வேண்டும். குழந்தைகளோடு போனால் ஒரு முழு நாள், கூலிக்காரருக்கு ஒரு நாள் வருமானம். ஆகவே வடசென்னைக் குடும்பங்களுக்கு உயிரியல் பூங்கா காணும் பொங்கல் பயணமாகச் சுருங்கிவிட்டது. அன்று அங்கே கூடும் ஆயிரக்கணக்கானோரிடையே விலங்கைவிட மனிதத் தலையே அதிகம் தெரியும். கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் முதலைப் பண்ணை எல்லாமே நகரின் தெற்கில் அமைந்தவை. வடக்கே மிச்சமிருப்பது எண்ணூர்க் கழிமுகத்தின் பறவைகள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு அங்கிருந்த கூழைக்கடாக்களின் இறகிலும் படிந்தது.

வண்டலூருக்குப் போனது சரியான முடிவு. மறுபடி கூண்டைச் சென்ட்ரலுக்குக் கொண்டுவர யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த முடிவின் செலவில் பெரும்பங்கு நகரின் ஒரு கோடியில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது; அதை ஈடுசெய்யும் பொறுப்பு வனத்துறையுடையதன்று, போக்குவரத்தைத் திட்டமிடுவோருடையது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகரை எட்டியது. அதே தடத்தின் தென்முனை இப்போது விமான நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து வண்டலூர் வழியே கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் நிறைவேறினால், திருவொற்றியூரில் ஏறும் ஒருவர் தடம் மாறாமலே சிங்கத்தைப் பார்க்கப் போய்வர முடியும்.