பனிக்காலப் பந்தியில் திராட்சை இரசம்

திராட்சை இரசம் என்றதும் நம் நினைவு முதலில் பீடத்தை நோக்கியே செல்கிறது. கானாவூர்த் திருமணமும் ஆண்டவரின் இறுதி இராவுணவும் நமக்கு மிகவும் பழக்கமானவை. ஆயினும் அவ்விரு வேளைகளிலும் இரசம் வைக்கப்பட்டிருந்தது ஓர் உணவுப் பந்தியில் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பீடத்துக்கு வெளியே மது என்ற சொல் நமக்குச் சோற்றையோ உறவையோ நினைவூட்டுவதில்லை. சாராயக் கடையையும், அடகு போன தாலியையும், அடி வாங்கிய மனைவி மக்களையுமே நினைவூட்டுகிறது. ஆனால், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திராட்சை இரசத்தை ரொட்டியோடும் குழம்போடும் சேர்த்து உணவின் ஒரு பகுதியாகவே கருதி வந்த மக்கள் உளர். அவர்களுள் ஸ்பெயின் நாட்டினர் குறிப்பிடத்தக்கவர். அவர்களது பனிக்காலப் பந்தியைச் சற்று உற்று நோக்கினால், எந்த உணவுக்கு எந்த இரசம் என்பதை முடிவு செய்தவை நாக்கின் சுவை மட்டுமல்ல என்பது விளங்கும். குளிரும், நோன்பும், அச்சமும், உழைப்பும் சேர்ந்தே அந்தப் பந்தியை விரித்திருக்கின்றன.

ஸ்பெயின் என்றால் கொளுத்தும் வெயில் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அந்நாட்டின் நடுப்பகுதி ஒரு மேட்டுநிலம். அங்கே குளிர் கொடியது. ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்பது காஸ்தீலிய மக்களின் பழமொழி. வடக்கே அட்லாண்டிக் கடலோரம் இடைவிடாத மழை. கிழக்கே மத்திய தரைக்கடலின் மென்மையான காற்று. தெற்கே சுண்ணாம்பு நிறத்து வெண்மண். இத்தனை வகை நிலத்திலும் உரோமையர் காலத்துக்கு முன்பிருந்தே திராட்சை பயிராகி வந்திருக்கிறது. வேளாண்மை பற்றி விரிவான நூல் எழுதிய கொலுமெல்லா என்னும் அறிஞர், கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இன்றைய காதிஸ் நகரே அவர் பிறந்த ஊர். எனவே ஸ்பெயின் இரசம் என்று ஒன்று இல்லை. மண்ணுக்கு ஓர் இரசமும், அந்த மண்ணுக்குரிய ஓர் உணவும் உள்ளன என்று சொல்வதே பொருந்தும்.

பனிக்காலப் பந்தியின் கதவு நவம்பர் 11-ஆம் நாள், தூர் நகர ஆயரான புனித மார்ட்டின் திருநாளன்று திறக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிழிந்து நொதிக்கவிட்ட புது இரசத்தை ஊரார் அந்நாளில்தான் முதன்முதலாகச் சுவைத்துப் பார்ப்பர். வீட்டுப் பன்றியை அறுக்கும் காலமும் அதுவே. ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு மார்ட்டின் திருநாள் வரும் என்னும் பழமொழி, செய்தவன் தன் வினைப்பயனை ஒருநாள் சந்தித்தே தீருவான் என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. குளிர் தொடங்கிய பிறகு அறுத்தால்தான் இறைச்சி கெடாது. உப்பிட்டும், புகையில் காயவைத்தும், குடலில் அடைத்தும் வைத்தால் ஓர் ஏழைக் குடும்பம் அடுத்த கோடைவரை பிழைத்துக்கொள்ளும். வடமேற்கே கலீசியாவில் இந்நாள்களில் செஸ்ட்நட் கொட்டைகளைத் தீயில் வாட்டிப் புது இரசத்தோடு பகிர்ந்துண்பர். அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு வருமுன் அக்கொட்டையே மலைநாட்டு ஏழைகளின் சோறு. இன்று திருவிழாப் பண்டமாக உண்ணப்படுவது நேற்று வயிற்றை நிரப்பிய பண்டம் என்பதை வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது.

காஸ்தீலிய மேட்டுநிலத்தில் துவேரோ ஆற்றங்கரையை அடுத்து நோக்குவோம். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அங்கே திராட்சை விளைகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்குவதால் பழத்தின் தோல் தடித்து, இரசம் கறுஞ்சிவப்பாகவும் துவர்ப்பாகவும் அமைகிறது. ஆட்டு மந்தைகள் நிறைந்த அந்நாட்டில், பால் மட்டுமே குடித்து வளர்ந்த ஆட்டுக்குட்டியை உப்பும் நீரும் மட்டும் சேர்த்து, மண் தட்டில் இட்டு, விறகடுப்பில் வாட்டுவது கிறிஸ்து பிறப்புக் காலச் சிறப்புணவு. கொழுப்பு நாக்கில் படியும்போது இரசத்தின் துவர்ப்பு அதனைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு வாயை ஆயத்தமாக்குகிறது. எண்ணெய்ப் பலகாரத்துக்குப்பின் நாம் துவர்ப்பான பாக்கை மெல்லுவதை ஒத்த செயல் இது. இந்தப் பொருத்தத்தை எந்தச் சுவை வல்லுநரும் ஏட்டில் எழுதி வகுக்கவில்லை. ஒரே மண்ணில் மேய்ந்த ஆடும் ஒரே மண்ணில் வேரூன்றிய கொடியும் தாமாகவே சேர்ந்துகொண்டன. அதே ஆற்றங்கரையில் 1143-இல் வால்புவேனா என்னுமிடத்தில் சிஸ்டர்சியத் துறவியரின் மடம் எழுந்தது. அருகிலுள்ள அராந்தா நகரின் வீதிகளுக்கு அடியில், இரசத்தைச் சீரான குளிர்ச்சியில் காப்பதற்காக இடைக்காலத்தில் குடைந்த நிலவறைகள் இன்றும் உள்ளன.

வடகடலோர அஸ்தூரியாசில் நிலைமை வேறு. மழையும் மேகமும் சூழ்ந்த அந்நாட்டின் பெரும்பகுதியில் திராட்சை செழிப்பதில்லை, ஆப்பிள் செழிக்கிறது. ஆகவே வெள்ளை அவரையும், பன்றி இறைச்சியும், இரத்தம் அடைத்த குடலும் சேர்த்து மெல்லக் கொதிக்கவைத்த பபாதா என்னும் குழம்புக்கு, ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த பானமே துணை. இல்லாததற்கு ஏங்காமல் தன் நிலம் தந்ததையே பந்தியில் வைத்தது அவ்வூர். மேற்கே கலீசியாவில், ஈரம் தாக்காதிருக்கக் கருங்கல் தூண்களின்மேல் பந்தலிட்டுக் கொடிகளைப் படரவிடுகின்றனர். அங்கே விளையும் அல்பரீஞோ என்னும் வெள்ளை இரசம் புளிப்பும் மெல்லிய உப்புச் சுவையும் உடையது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள் முற்காலத்தில் நோன்பு நாள், இறைச்சி தவிர்க்கும் நாள். ஆதலால் அவ்விரவில் உப்பிட்டு உலர்த்திய காட் மீனைக் காலிபிளவரோடு வேகவைத்து உண்பது கலீசியரின் வழக்கமாயிற்று. நோன்புச் சட்டம் தளர்ந்துவிட்டது, கருவாட்டுக் குழம்பு மட்டும் நிலைத்துவிட்டது. தவமாகத் தொடங்கிய உணவு, பேரப்பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் விருந்தாக மாறிவிட்டது.

எல்லாப் பாத்திரங்களும் இப்படி மகிழ்ச்சியான கதையையே சொல்வதில்லை. மத்ரீத் நகரின் பனிக்கால உணவான கொசீதோ, கொண்டைக்கடலையையும் காய்களையும் இறைச்சியையும் பல மணிநேரம் சிறுதீயில் கொதிக்க வைப்பது. இடைக்கால ஸ்பெயினில் வாழ்ந்த யூதர்கள், ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் தணலில் விட்டுவைத்த அதஃபீனா என்னும் குழம்பே இதன் மூதாய் என உணவு வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். 1492-இல் யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். திருமுழுக்குப் பெற்று எஞ்சியோர் வீட்டுச் சமையலையும் விசாரணை மன்றம் கண்காணித்தது. பன்றி இறைச்சி உண்ணாதவன்மேல் ஐயம் விழுந்தது. எனவே அந்தப் பழைய குழம்பில் பன்றிக்கொழுப்பும் சேர்ந்தது என்பர். இன்று அக்குழம்பைச் சிவப்பு இரசத்தோடு மகிழ்ந்து உண்போரில் எத்தனை பேர் அதன் அடியில் ஓர் அச்சம் கிடப்பதை அறிவர்? நம் திருச்சபையின் பெயரால் நிகழ்ந்த அக்கொடுமையை நாமும் மறைக்காமல் நினைவுகூர வேண்டும். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வீடுதோறும் இடம்பெறும், தேனும் பாதாமும் சேர்த்துச் செய்த துர்ரோன் என்னும் இனிப்பிலும் அரபு மக்களின் கைவண்ணம் கலந்திருக்கிறது. துரத்தப்பட்டவர்களின் சுவை, துரத்தியவர்களின் பந்தியில் இன்றும் அமர்ந்திருக்கிறது.

தெற்கே ஹெரேஸ் நகரின் இரசத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. பல வயதுடைய பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, மிகப் பழையதிலிருந்து சிறிதளவே எடுத்து, அந்தக் குறையை அதற்கு அடுத்த வயதுடையதிலிருந்து நிரப்புவர். ஆகவே எந்தப் பீப்பாயும் முற்றிலும் வறள்வதில்லை. புதியது பழையதோடு கலந்து அதன் குணத்தைக் கற்றுக்கொள்கிறது. 1587-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கிக் கொள்ளையிட்ட பொருள்களுள் இவ்விரசப் பீப்பாய்களும் ஏராளம். அதன்பின் இங்கிலாந்து அதன் சுவைக்கு அடிமையாயிற்று. இரசத்தைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கரு பயன்பட்டது. எஞ்சிய மஞ்சள் கருக்களை இரசக் கிடங்கினர் அருட்சகோதரியர் மடங்களுக்குக் கொடுத்தனர் என்றும், அவற்றைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்து அவர்கள் இனிப்புகள் செய்தனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அடைபட்ட மடங்களின் சகோதரியர் முகம் காட்டாமல், சுழலும் மரப்பெட்டியின் வழியாகத் தம் இனிப்புகளை விற்கும் வழக்கம் செவில்லா முதலிய நகரங்களில் இன்றும் உண்டு. காய்ந்த திராட்சையின் கறுத்த இன்சுவை இரசமும் அந்த இனிப்பும் பனிக்கால மாலைக்கு உற்ற இணை. வீணாகப் போக வேண்டியதிலிருந்து விருந்து பிறந்தது.

இந்தப் பந்தி எவ்வளவு எளிதில் கலைந்துவிடக் கூடியது என்பதற்குக் கத்தலோனியாவின் பிரியோராத் மலைநாடு சான்று. 1194-இல் கர்த்தூசியத் துறவியர் அங்கே ஸ்காலா தேயி என்னும் மடத்தை நிறுவினர். இறைவனின் ஏணி என்பது அதன் பொருள். மடத்தலைவரான பிரியோரின் ஆட்சிக்கு உட்பட்டதால் அந்நாட்டுக்கே பிரியோராத் என்ற பெயர் வந்தது. கரும்பலகைக் கல் போன்ற செங்குத்துச் சரிவுகளில், மௌன விரதம் காத்த அத்துறவியர் கொடி வளர்த்தனர். 1835-இல் அரசு மடங்களை மூடி, தொடர்ந்து மெந்திசாபால் அமைச்சரின் ஆணைகளால் அவற்றின் நிலங்களை ஏலமிட்டது. ஆறு நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பு கைமாறியது, மடம் பாழாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பில்லாக்செரா என்னும் சிறுபூச்சி வந்தது. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு ஐரோப்பாவுக்கு வந்த அது, வேரைத் தாக்கிக் கொடியைக் கொல்வது. முதலில் பிரான்சு நாட்டுத் தோட்டங்கள் அழிந்தபோது, போர்தோ வணிகர் ரியோஹாவின் ஆரோ நகருக்கு வந்து இரசம் தேடினர். ரியோஹா அதனால் வளம் பெற்றது. பிறகு அதே பூச்சி ஸ்பெயினையும் விட்டுவைக்கவில்லை. அயலாரின் துன்பத்தில் பெற்ற வளம் நெடுநாள் நிற்கவில்லை. இறுதியில், பூச்சியை அனுப்பிய அமெரிக்காவின் வேரிலேயே ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத் தோட்டங்களை மீட்டனர்.

பிரியோராத்தில் மீட்பு வர நூறாண்டு ஆயிற்று. இளைஞர் ஆலைகளை நாடி வெளியேறினர், சரிவுகள் புதர் மண்டின. 1980-களின் இறுதியில் ரெனே பார்பியே, அல்வாரோ பலாசியோஸ் முதலிய சிலர் அங்கே குடியேறி, கைவிடப்பட்ட முதிய கொடிகளைப் பேணத் தொடங்கினர். இன்று உலகம் மதிக்கும் இரசங்களுள் ஒன்று அம்மலையினது. காட்டுப்பன்றிக் குழம்போடு பனிக்காலத்தில் அதனை அருந்துவோர், துறவியர் அமைத்த தோட்டத்தின் தொடர்ச்சியையே சுவைக்கின்றனர்.

இத்தனையும் அறிந்தபின், அளவு என்ற கேள்வி நம்முன் நிற்கிறது. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித சவேரியார், ஸ்பெயினின் வடக்கே நவாரா நாட்டில் பிறந்தவர். திராட்சைத் தோட்டங்களிடையே வளர்ந்தவருக்கு இரசம் புதிதன்று. ஆயினும் 1544-இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடல்களில், கடலோரச் சிற்றூர்களில் சாராயக் குடியைக் கண்டிப்புடன் தடுக்குமாறு பணித்தார். இதில் முரண் இல்லை. பந்தியில் குடும்பத்தோடு உணவுக்குத் துணையாக அமர்வது ஒன்று, பசித்த வயிற்றில் தன்னை மறக்கத் தனியே ஊற்றிக்கொள்வது மற்றொன்று. ஸ்பெயினும் இதற்கு விதிவிலக்கன்று. இன்று அங்கே திராட்சை இரசத்தைவிடப் பீரே மிகுதியாக விற்கிறது. 1990-களிலிருந்து இளைஞர் கூட்டமாகத் தெருச் சதுக்கங்களில் இரவெல்லாம் குடிக்கும் பழக்கம் பரவி, பல நகரங்கள் தடைவிதிகள் இயற்ற நேர்ந்தது. பந்தியைவிட்டு எழுந்து வீதிக்குப் போன இரசம் அங்கும் தன் குணத்தை இழக்கிறது. எனவே அவர்களைப் பார்த்து நாமும் குடிக்கப் பழக வேண்டும் என்பது பாடமன்று. உணவையும் உறவையும் பிரித்துவிட்ட எந்தப் பானமும் மனிதனைத் தனிமைப்படுத்தும் என்பதே பாடம்.

பனிக்காலத்தின் நடுவில், சனவரி 22-ஆம் நாள், 304-ஆம் ஆண்டளவில் வலேன்சியாவில் மறைச்சாட்சியாக உயிர்நீத்த திருத்தொண்டர் புனித வின்சென்ட்டின் திருநாள் வருகிறது. திராட்சைத் தோட்டத்தாரின் பாதுகாவலர் அவரே. அக்காலத்தில் கொடிகள் இலையின்றி, உயிரற்ற குச்சிகளாய் நிற்கும். வீட்டில் சென்ற ஆண்டின் இரசம் பந்தியில் இருக்க, வெளியே உறைபனியில் விரல் மரத்துப்போக, உழவர் கத்தியோடு நின்று கொடிகளைக் கத்தரிக்கின்றனர். அடுத்த ஆண்டின் பந்தி அந்தக் குளிரில்தான் தொடங்குகிறது. திருப்பலியில் அப்பத்தோடு இரசத்தையும் மனித உழைப்பின் பயனென்று சொல்லி நாம் ஒப்புக்கொடுக்கும்போது, முகமறியாத அந்தக் கைகளையும் நம் காணிக்கையோடு சேர்த்து நினைவுகூர்வது தகும்.